பொம்மைக்கு ஒரு சாண் முன்னால்

காலை மணி ஆறு இருபது. கொல்லிமலை அடிவாரத்தில் நான் எழுத்தராக இருந்த மரக் கிடங்கின் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, சரிவில் இறங்கி வந்த ஒரு கார். அதைத் துரத்திக்கொண்டு ஒரு புளியங்கட்டை. இரண்டையும் ஒரு கயிறு பிணைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. கார் எங்கள் மரத்தூள் குவியலில் மூக்கைப் புதைத்து நின்றது. கட்டை வந்து அதன் முதுகில் ஓர் இடி இடித்தது.

காரிலிருந்து இறங்கியவர் தலையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்க ரைட்டரே, நின்னுச்சுங்களா இல்லீங்களா?"

"கார் நின்னுச்சு. கட்டைதான் நிக்கலை."

கார் வாங்குகிறவர்கள் எல்லோரும் அது ஓட வேண்டும் என்றுதான் வாங்குகிறார்கள். நிற்க வேண்டும் என்று வாங்கியவர் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே அவர் ஒருவர்தான். ஊர் அவருக்கு 'பிரேக்கு' என்று பெயர் வைத்தது. அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

பிரேக்கு முன்பு மர லாரி ஓட்டியவர். மனைவி பொன்னாயி. கிடங்கை ஒட்டிய சரிவின் அடியில் அவர்கள் வீடு. இருவருமே மலையில் பிறந்தவர்கள். மலைமேல் திண்ணனூர் நாடு என்னும் ஊர்க்கூட்டத்திலிருந்த தாய் வீட்டுக்கு வருடம் தவறாமல் நடந்தே ஏறி இறங்கிய பொன்னாயிக்கு நெஞ்சில் கோளாறு வந்தது. கால் வீங்கிவிட்டது. வாசலைத் தாண்டினால் மூச்சு வாங்கியது. வைத்தியர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன பிறகு அவள் கேட்டது ஒன்றுதான்: "எங்கம்மாளை ஒருக்காப் பாத்துப்போட்டு வரணுமுங்க."

அப்போது மலைக்குக் கார் ரோடு கிடையாது. மர வண்டிகளுக்காக வெட்டிய பாதை பாதி மலை வரை போகும். அதற்கு மேல் அவளுடைய தம்பிகள் தூளி கட்டித் தூக்கிப் போவதாக ஏற்பாடு. அதற்காகத்தான் பிரேக்கு, பிரேக் பிடிக்கவில்லை என்று யாரோ ஒரு குடும்பம் பயந்து விற்ற அந்தப் பழைய காரை வாங்கினார். பொன்னாயி காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஏத்திக்கிட்டுப் போயிருவீங்க. எறக்கிக்கிட்டு வருவீங்களா?"

மலையிறங்கும் மர வண்டிக்காரர்கள் வேகத்தை அடக்க வண்டிக்குப் பின்னால் கட்டையைக் கட்டி இழுத்து வருவார்கள். அந்த வழக்கம்தான் காருக்கும் வந்து, மரத்தூளில் முடிந்தது.

அன்று மாலை பொன்னாயி வைக்கோல் திணித்து ஒரு பொம்மை செய்தாள். தன் பழைய நீலச் சேலையைச் சுற்றி, சரிவின் அடியில் நிறுத்தி வைத்தாள். "இவ மேல மோதாம நிறுத்துங்க. அப்பறம் நான் ஏறிக்கறேன்."

பிரேக்கு, சக்கரத்துக்குள் தேய்ந்துபோயிருந்த பிரேக் பட்டையைக் கழற்றிவிட்டு எருமைத் தோலைத் தைத்துப் பொருத்தினார். அடிவாரம் முழுக்கச் செருப்பு கருகிய நாற்றம் அடித்தது, பொம்மை சாய்ந்தது. பிடிப்புக்காகக் குங்கிலியத்தைப் பொடித்துத் தோலின் மேல் தூவினார். கார் ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியைப் பார்த்துத் திரும்பியது. முன்பக்கம் தப்பிய பொம்மையைப் பின்பக்கம் இடித்துத் தள்ளியது.

ஒவ்வொரு முறையும் பொன்னாயி வாசற்படியில் உட்கார்ந்து பொம்மையைத் தைத்துக் கொடுப்பாள்.

"என்னை எத்தனை தடவதான் கொல்லுவீங்க?"

"உன்னையில்ல புள்ள, பொம்மையை."

"சேலை என்னுதுதானுங்க."

கிடங்கு ஆட்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்து முடித்த பிறகு மூச்சு திரும்ப வெகு நேரம் ஆகும். பிரேக்கு அதுவரை காரைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொள்வார்.

ஒரு நாள் படியில் இருந்தபடியே அவள் சொன்னாள்: "ஏனுங்க, ஒரு சக்கரந்தான் மண்ணை உழுவுது. இன்னொன்னு சும்மா உருளுது."

பிரேக்கு குனிந்து பார்த்தார். உருண்ட சக்கரத்தில் அச்சிலிருந்து எண்ணெய் கசிந்து பட்டையை நனைத்திருந்தது. கசிவை அடைத்தார், உள்ளே மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார், சேலத்துக்குப் போய்ப் புதுப் பட்டை வாங்கி வந்தார். பின்பக்கத்தைத் தூக்கி வைத்து, இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் பிடிக்கும்வரை கையால் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துப் பிரேக் திருகாணியை முடுக்கினார்.

மறுநாள் கார் பொம்மைக்கு முன்னால் நின்றது. பிரேக்கு இறங்கவில்லை. காலை எடுத்தால் ஓடிவிடுமோ என்பதுபோல் மிதித்தபடியே உட்கார்ந்திருந்தார். பொன்னாயி மெதுவாக நடந்து வந்து, கையை விரித்து இடைவெளியை அளந்தாள்.

"ஒரு சாண் இருக்குது. ஏறிக்கறேன்."

புறப்படும்போது பொம்மையையும் ஏற்றச் சொன்னாள். "எனக்காவ எத்தனை தடவ செத்தா! எங்கம்மா ஊட்டை அவளும் பாக்கட்டும்." பொம்மை பின் இருக்கையில் உட்கார்ந்து போனது. பாதை முடிந்த இடத்தில் கார் நின்றது. பொன்னாயி தூளியில் ஏறினாள். மலையிறங்கும்போது கார் நிற்குமா என்று அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

வாரம் முடிவதற்குள் மலையிலிருந்து ஆள் வந்தது. நான் நடந்து ஏறிப் போய்ச் சேர்ந்தபோது, பொன்னாயியை அவள் அம்மா வீட்டுக்குப் பின்னால், மிளகுக் கொடி படர்ந்த மரத்தருகே புதைத்து மண் மூடியிருந்தார்கள்.

மறுநாள் காலை கார் நின்ற இடம்வரை நடந்து வந்து, பிரேக்குடன் காரில் இறங்கினேன். புறப்படும் முன் அவர் பொம்மையை எடுத்து முன் இருக்கையில் வைத்துச் சேலையைச் சரிசெய்தார். என்னிடம், "நீங்க பின்னால உக்காருங்க சாமி" என்றார்.

எல்லா வளைவிலும் பிரேக் பிடித்தது. மிதித்தபோதெல்லாம் அவர் இடது கையை நீட்டி, பொம்மை முன்னால் விழாமல் பிடித்துக்கொண்டார்.