நாற்பத்திரண்டாம் நம்பர் கால்

பூட்ஸ் ‘டப்’பென்று வெடித்தபோது காசிநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூச்சைப் பிடித்தால் வயிறுதான் உள்ளே போகும், கால் போகாது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

இடது பூட்ஸின் பக்கத் தையல் சுண்டுவிரலிலிருந்து பாதி தூரம்வரை வாயைப் பிளந்திருந்தது. அதன் வழியாக அவருடைய சாம்பல் நிற சாக்ஸ் எட்டிப் பார்த்தது. எதிரே நாற்காலியில், ஷூ ஆர்டர் கொடுக்க ஜெர்மனியிலிருந்து வந்திருந்த பையர். பக்கத்தில் மேனேஜர் அப்துல் ஹமீத். பின்னால் சாம்பிள் ரூம் மாஸ்டர் பஞ்சாட்சரம். மூன்று பேரும் அந்த சாக்ஸையே பார்த்தார்கள்.

“தையல் வீக்கா இருக்குது சார்,” என்றார் காசிநாதன்.

அந்த பூட்ஸைத் தைத்தவர் சுகரா பேகம். தையல் செக்‌ஷனிலிருந்து வந்து வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

“தையல் வீக் இல்லண்ணே,” என்றார். “கால்தான் வீக்கம்.”

ஆம்பூர் பக்கத்தில் இருந்த அந்த ஷூ கம்பெனியில் காசிநாதனுக்குப் பதினோரு வருஷமாக ஒரு தனி மரியாதை இருந்தது. ஆண்களுக்குப் புது மாடல் எது செய்தாலும் முதல் ஜோடியை நாற்பத்திரண்டாம் நம்பரில் செய்வார்கள். அதை மாட்டிப் பார்க்கும் கால் காசிநாதனுடையது. ஷூவை ஒரு பிளாஸ்டிக் கால் அச்சின் மேல்தான் இழுத்துத் தைப்பார்கள். அதற்கு லாஸ்ட் என்று பெயர் வைத்தவர் யாரோ தெரியாது, ஷூ வேலையில் முதலில் வேண்டியதே அதுதான். காசிநாதனின் பாதம் அந்த லாஸ்ட்டைப் பார்த்துக் கடவுள் செய்தது போல இருக்கும். மாட்டிக்கொண்டு நாலு தப்படி நடந்து அவர் “ஓகே” என்று சொன்னால்தான் மற்ற சைஸ்களில் வேலை ஆரம்பிக்கும்.

மீதி நேரத்தில் அவர் பேக்கிங்கில் அட்டைப் பெட்டி ஒட்டினார். பெட்டி ஒட்டுகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாற்பத்திரண்டாம் நம்பருக்கோ கேட் வாட்ச்மேன்கூட வணக்கம் வைத்தார். ஒடுகத்தூரில் இருந்த அவர் வீட்டிலும் அந்தக் காலுக்கு மதிப்பு ஜாஸ்தி. இரண்டு கால்களையும் முக்காலி மேல் வைத்துக்கொண்டுதான் டிவி பார்ப்பார்.

கெடுத்தது கல்யாணங்கள். இரண்டு மாதத்தில் கம்பெனித் தோஸ்துகள் வீட்டில் மட்டும் ஏழு. ஏழிலும் சீரக சம்பா பிரியாணி, கத்திரிக்காய், வெங்காயப் பச்சடி. காசிநாதன் ஒரு பந்திக்கும் துரோகம் செய்யவில்லை. சிலவற்றில் இரண்டு முறை விசுவாசம் காட்டினார்.

பையர் எழுந்து வந்து தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். காசிநாதனின் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், வாழைப்பழம் பழுத்துவிட்டதா என்று பார்ப்பதுபோல. டேப் எடுத்து விரல்களுக்குக் கீழே அகலமான இடத்தைச் சுற்றி அளந்தார். இருநூற்று அறுபது மில்லிமீட்டர். இருக்கவேண்டியது இருநூற்று நாற்பத்தெட்டு. பையர் ஹமீத்திடம் என்னவோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். காசிநாதனுக்குப் புரிந்த ஒரே வார்த்தை “வைடு”.

“இன்னா சார் சொல்றாரு?”

“ஒண்ணுமில்ல காசி. நீ போய் சாப்புடு.”

“என் கால்...”

“அத அப்பறம் பாத்துக்கலாம். ஆறு வாரத்துல திரும்ப வர்றாரு.”

மறுநாள் சாம்பிள் ரூம் கண்ணாடி வழியாக ஒரு காட்சி தெரிந்தது. கட்டிங் செக்‌ஷன் செல்வகுமார், இருபத்தெட்டு வயசு, ஒல்லி, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். பஞ்சாட்சரம் கீழே உட்கார்ந்து அவன் காலை அளந்துகொண்டிருந்தார். பதினோரு வருஷத்தில் அந்த ஸ்டூலில் இன்னொரு காலைக் காசிநாதன் பார்த்ததில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி அமிர்தவள்ளியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

“இனிமே பெட்டிதான் ஒட்டணும் போல,” என்றார்.

“ஒங்க கால நம்பித்தான் இந்தக் குடும்பமே நிக்குது,” என்றாள் அமிர்தவள்ளி. “பன்னண்டு மில்லிமீட்டர்தான? ஆறு வாரத்துல எறக்கிடலாம். நாளையிலேர்ந்து அரை உருண்டை களி, கொள்ளு ரசம். பிரியாணிய மோந்து பாத்தாக்கூட என்கிட்ட வந்து சொல்லிடணும்.”

மறுநாள் மதியம் கேன்டீனில் அவர் அரை உருண்டைக் களியைத் திறந்து வைத்து, அதை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் முழுசாகத் தெரியும் என்று திருப்பிக்கொண்டிருந்தார். பஞ்சாட்சரம் ஒரு பார்சலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“காசி, பிரியாணி. இப்பதான் தம் ஒடச்சாங்க. பிரி.”

பதினோரு வருஷத்தில் பஞ்சாட்சரம் ஒரு டீகூட வாங்கிக் கொடுத்ததில்லை. உடம்பைக் குறைக்கிறேன் என்று சொன்னால், கால் வீங்கியதை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

“வேணாம் மாஸ்டர். சோளிங்கர் நரசிம்மருக்கு வேண்டுதல். கறி தொடக்கூடாது.”

பஞ்சாட்சரம் பார்சலை எடுத்துக்கொண்டு போனார். காசிநாதனின் மூக்கு அதோடு வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தது.

அடுத்த நாள் மேனேஜரே வந்துவிட்டார்.

“வேண்டுதலாமே? நல்லது காசி. இந்தா, ஆற்காடு மக்கன் பேடா. சுத்த சைவம்.”

பெட்டிக்குள் ஆறு பேடாக்கள் பாகில் மூழ்கிக் கிடந்தன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் முந்திரி இருக்கும் என்று காசிநாதனுக்குத் தெரியும்.

“எனக்கு சுகர் இருக்குது சார்.”

“ஐயோ! எப்போலேர்ந்து?”

“நேத்துலேர்ந்து.”

அதற்கு மறுநாள் சுகரா பேகம் ஒரு தூக்குவாளியைக் கொண்டுவந்து வைத்தார்.

“கறியும் ஆவாது, சக்கரையும் ஆவாதுன்னு சொன்னாங்க. அதான் நெய்ப் பொங்கல். ரெண்டும் கெடையாது. நெய் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.”

“பல்லு வலிம்மா. மெல்ல முடியல.”

“எதுக்கு மெல்லணும்? அதுவா வழுக்கிக்கினு போவும் பாருங்க.”

காசிநாதன் ஒரு பொய் சொன்னால் அதற்கென்றே ஒரு பலகாரம் தயாராகி வந்தது. பல்வலிக்குச் சேமியா பாயசம். சுகருக்கு உளுந்து வடை. பாயசம் இனிப்பாயிற்றே என்றால், “டாக்டர் கெடக்குறாரு” என்றார்கள். வேண்டுதல் எப்போது முடியும் என்று கேட்டார்கள், வாய் தவறி வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மதியம் பஞ்சாட்சரம் ஆட்டுக்கால் பாயாவோடு வந்தார்.

“காலுக்குக் கால். குடி.”

“மாஸ்டர், நெஜத்தச் சொல்லுங்க. எதுக்கு எல்லாரும் என்ன இப்புடிக் கவனிக்கிறீங்க?”

“ஒருத்தன் நல்லா சாப்புடணும்னு நெனைக்கறது தப்பா?” என்றார் பஞ்சாட்சரம், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

காசிநாதனுக்குப் புரிந்துவிட்டது. செல்வகுமாருக்கு அந்த ஸ்டூலைக் கொடுக்க முடிவு செய்துவிட்டார்கள். மனசாட்சி உறுத்தாமல் இருக்க, ‘இவன் கால் இன்னும் பெருத்துவிட்டது’ என்று ஒரு காரணம் வேண்டும். அதற்குத்தான் இந்த ஊட்டல்.

புரிந்த துக்கத்தில் பாயா முழுவதையும் குடித்தார். கூட வந்த ஆறு இடியாப்பத்தையும் சாப்பிட்டார்.

அன்று ராத்திரி வீட்டில் அளந்தபோது டேப் இருநூற்று அறுபத்திரண்டு காட்டியது. அமிர்தவள்ளி திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

“ஒரேடியா வேணாம்னு ஏன் சொல்றீங்க? அப்டி சொல்லிச் சொல்லித்தான் ஒருநாள் மொத்தமா விழுறீங்க,” என்றாள். “எது வந்தாலும் மூணு வாய் சாப்புடுங்க. கண்ண மூடிக்கினு, நிதானமா. நாலாவது வாய் நாக்குக்குப் போறதில்ல, நேரா ஒடம்புக்குத்தான்.”

“மிச்சத்த இன்னா பண்றது?”

“யாருக்காச்சும் குடுங்க.”

திங்கட்கிழமை மறுபடி பிரியாணி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு முதல் வாயை வைத்தார். ஏழு கல்யாணத்திலும் அவர் பிரியாணியைச் சாப்பிட்டிருந்தார். ருசி பார்த்தது அன்றுதான். ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக வந்து பெயர் சொல்லிவிட்டுப் போனது. இரண்டாம் வாயில் கத்திரிக்காயின் புளிப்பு. மூன்றாம் வாயில் எலும்பை ஒட்டிய ஒரு துண்டு. அதை அவர் கீழே வைப்பதற்குள் கேன்டீனில் பாதிப் பேர் கை கழுவிவிட்டார்கள். நாலாவது வாய்க்குக் கை தானாகக் கிளம்பியது. அதை இடது கையால் பிடித்து நிறுத்தினார்.

மீதியை எடுத்துக்கொண்டு எழுந்தபோது மூலையில் செல்வகுமார் பன்னும் டீயுமாக உட்கார்ந்திருந்தான். ரூம் எடுத்துத் தங்கியிருந்த பையன். காசிநாதனுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை இல்லை. ஆனால் நல்ல காரியம் மாதிரியே தெரியும் யோசனை.

“செல்வா, இந்தா, சாப்புடு.”

“எனக்காண்ணே?”

“ஒனக்கில்லாம?”

அன்றிலிருந்து முதல் மூன்று வாய் காசிநாதனுக்கு, மீதி செல்வகுமாருக்கு. பிரியாணி, பேடா, பொங்கல், பாயசம், எல்லாம். கழுவிய டப்பாவைக் கையில் வாங்கும்போது ஹமீத்தின் முகம் மலர்ந்தது. “காலி! சபாஷ்.” ஆனால் மூன்றாம் வாரம் பஞ்சாட்சரம் காசிநாதனின் கன்னத்தைப் பார்த்துக் கவலைப்பட்டார்.

“இன்னா காசி, துன்றது ஒடம்புல ஒட்ட மாட்டுதே?”

மறுநாளிலிருந்து பார்சல் இரண்டாக வந்தது. செல்வகுமாருக்குச் சட்டைப் பட்டன் ஒன்று தெறித்தது. நாலாம் வாரம் அவன் செருப்புக்கு மாறினான். காசிநாதன் அந்தச் செருப்பை ஆசையோடு பார்த்தார்.

பேஜார் என்னவென்றால், பையன் நல்லவன்.

“அண்ணே, எங்கம்மா போனப்பறம் எனக்குன்னு எடுத்து வெச்சு சோறு போட்டது நீங்கதான்,” என்றான் ஒருநாள், வாயில் பேடாவோடு.

அன்று காசிநாதனுக்கு மூன்று வாய்கூட இறங்கவில்லை. டப்பாவை அவனிடம் கொடுக்காமல் பின்னுக்கு இழுத்தார். அவன் முகம் வாடியது. உடனே கொடுத்துவிட்டார். கொடுத்தாலும் பாவம், கொடுக்காவிட்டாலும் பாவம் என்ற நிலையில், கொடுக்கிற பாவத்தில் குறைந்தபட்சம் ஒருவனாவது சாப்பிடுகிறான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஆறாம் வாரம் டேப் இருநூற்று நாற்பத்தெட்டு காட்டியது. அமிர்தவள்ளி அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எடை ஏழு கிலோ கம்மி.

பையர் வந்தார். புது பூட்ஸ் மேஜை மேல் பளபளத்தது. காசிநாதன் ஸ்டூலில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து காலை நீட்டினார். பஞ்சாட்சரம் மாட்டிவிட்டார். கால் உள்ளே போனது மட்டுமில்லை, உள்ளே போன பிறகும் இடம் தேடியது. எழுந்து நடந்தார். பூட்ஸ் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக நடந்தார்கள்.

“பாத்தீங்களா சார்!” என்றார் பெருமையோடு. “எவ்ளோ ஃப்ரீயா இருக்குது! இன்னொரு கால்கூட உள்ள போவும்.”

யாரும் கைதட்டவில்லை. ஹமீத் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பையர் டேப்பால் அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“காசி,” என்றார் பஞ்சாட்சரம், “அவ்ளோ பிரியாணியும் எங்கய்யா போச்சு?”

காசிநாதன் பதில் சொல்வதற்குள், சாம்பிள் தோல் துண்டுகளைக் கொடுத்துவிட்டுப் போக செல்வகுமார் உள்ளே வந்தான். பையரின் கண் அவன் செருப்புக் காலில் விழுந்தது. கையைக் காட்டி உட்காரச் சொன்னார். காசிநாதனிடமிருந்து கழற்றிய பூட்ஸ் அந்தக் காலில் ஏறியது. மடிப்பில்லை, சுருக்கமில்லை, விரலுக்கு விரல் அளவு. அவன் நாலு தப்படி நடந்தான். பையர் எழுந்து நின்று கைதட்டினார். ஹமீத் அவரைக் கட்டிக்கொண்டார். பஞ்சாட்சரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெறும் சாக்ஸோடு ஸ்டூலருகே நின்றிருந்த காசிநாதனுக்கு உலகமே தலைகீழாகத் தெரிந்தது.

“சார், அவன் காலு வீங்கிக் கெடக்குது. என்னுது கரெக்ட் நாப்பத்திரண்டு. இன்னா சார் நடக்குது இங்க?”

“அப்பறம் பேசலாம் காசி,” என்றார் ஹமீத்.

“மாஸ்டர், நீங்களாச்சும் சொல்லுங்க!”

பஞ்சாட்சரம் ஜன்னலைப் பார்த்தார்.

சுகரா பேகம்தான் வாசலிலிருந்து உள்ளே வந்தார்.

“அண்ணே, ‘எங்க ஊர்ல பாதி ஆம்பளைங்களுக்கு இந்தக் கால்தான்’னு அன்னிக்கே பையர் சொல்லி, ஒங்க வீங்குன கால் அளவுலதான் ஆர்டரே குடுத்தாரு, பழைய அளவுக்குத்தான் செல்வகுமார் கால அளந்து பாத்தாங்க, சொன்னா நீங்க சம்பளம் ஏத்திக் கேப்பீங்கன்னு மேனேஜர் மறைச்சிட்டாரு, அது எளைச்சிடக் கூடாதுன்னுதான் ஆறு வாரமா நாங்க ஒங்களுக்கு ஊட்டுனோம், நீங்க அந்தக் கால அப்டியே தூக்கி செல்வகுமாருக்கு ஊட்டிட்டீங்க.”