பாம்பிலோஸின் மூக்கு

மூடி திறக்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. பத்துப் பேர் கூடிச் சாப்பிடும் இடம் எதுவானாலும் அதில் ஒருவர் இருப்பார். சமைக்க மாட்டார், பரிமாற மாட்டார், எச்சில் துடைக்க மாட்டார். அடுத்தவர் கொண்டுவந்த பானையின் மூடியை இரண்டு விரலால் தூக்கி, மூக்கை உள்ளே விட்டு, "ம்" என்பார். கொண்டுவந்தவள் பானையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக அந்த ஒரு "ம்" போதாதா?

எங்கள் அந்தியோக்கியாவில் இந்த உத்தியோகம் பாம்பிலோஸுக்கு. ஆற்றுப் பாலத்தடியில் பன்றிக்குடலில் இரத்தம் அடைத்து வேகவைத்து விற்றாரே, கோணக்கால் லாமோஸின் மூத்த மகன், அவரேதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் இயேசுவின் பேரில் முழுக்கு எடுத்துக் கடையை மூடினார்.

வாரத்தின் முதல் நாள் சாயங்காலம் எண்ணெய் வியாபாரி எலியேசர் வீட்டில் சபை கூடி ஒன்றாக உண்போம். ஒன்றாக என்றால், உள்ளே பிறவி யூதர்களுக்கு ஒரு பந்தி; முற்றத்தில், செருப்புகளுக்குப் பக்கத்தில், எங்களைப் போன்ற கிரேக்க, சிரிய ஜனங்களுக்கு ஒரு பந்தி. ஆண்டவர் ஒருவர், பந்தி இரண்டு. பாம்பிலோஸ் எட்டு மாதம் செருப்பு வாசனையில் சாப்பிட்டுப் பார்த்தார். பொறுக்கவில்லை. நாற்பத்தோரு வயதில் யூத முறைப்படி விருத்தசேதனக் கத்திக்குத் தன்னைக் கொடுத்து, பதினைந்து நாள் காலை அகட்டி நடந்து, பதினாறாம் நாள் உள்பந்தியில் போய் உட்கார்ந்தார். அவ்வளவு பட்டவர் அடுத்தவரைச் சும்மா உள்ளே விடுவாரா? பிறவி யூதர்கள் பேச்சு சுவாரசியத்தில் மறந்துவிடுகிற விதிகளையெல்லாம் இவர் மறக்கவே மாட்டார்.

அந்த முற்றத்தில்தான் மிர்த்தாலே இருந்தாள். சாயப்பட்டறைக்காரி, முழங்கை வரை கழுவிப் போகாத நீலம். லாமோஸின் தங்கை மகள், ஆகவே பாம்பிலோஸுக்கு முறைப்பெண். அந்தப் பேச்சு ஒரு காலத்தில் நடந்து நின்றுபோனது வேறு கதை. ஒரு வருஷமாகச் செருப்போரம் இருந்தவளை எலியேசர் கூப்பிட்டு, அடுத்த வாரம் உன் கையால் ஏதாவது சமைத்துக் கொண்டு உள்ளே வந்து உட்கார் என்று சொல்லிவிட்டார். அவள் அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை. இறைச்சி வேண்டாம், வம்பு என்று பருப்பு வைத்தாள்.

உள்வாசலில் பாம்பிலோஸ் நின்றார். மூடியைத் தூக்கினார். மோந்தார். கண்ணை மூடி இன்னொரு தரம் மோந்தார். பருப்பில் குற்றமில்லையாம். பானையில் யூதர்களுக்கு ஆகாத பன்றிக் கொழுப்பு ஊறியிருக்கிறதாம். மண் பாத்திரம் ஒருமுறை குடித்ததைக் கக்காது, உடைத்துத்தான் போட வேண்டும், இதைத் தொட்டவளும் இன்றைக்கு முற்றத்தில்தான் என்று தீர்ப்பாகிவிட்டது. பந்தியில் நீண்டிருந்த கைகளெல்லாம் மடிக்குத் திரும்பின.

மிர்த்தாலே பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"உங்க மூக்குக்குத் தெரியாம இருக்குமா மச்சான்? ஒம்பது வருசம் நீங்க குடல் அவிச்ச பானைதானே இது. காது ஒடஞ்சு ஈயம் வச்சு ஒட்டியிருக்கு பாருங்க. கடைய மூடின அன்னிக்கு, ஒடைக்க மனசு வரலடின்னு அக்காதான் எங்கிட்ட குடுத்தாங்க."

அக்கா என்றால் பாம்பிலோஸின் மனைவி. உள்பந்தியின் கோடியில் இருந்த அந்த அம்மாள் கூரையைப் பார்த்தாள். பாம்பிலோஸ் கையிலிருந்த மூடியைப் பானைமேல் திரும்ப வைத்தார்.

யாராவது சிரித்திருந்தால் தேவலை. எல்லோரும் எலியேசரையே பார்த்தார்கள். அவருடைய அப்பனும் பாட்டனும் அப்படிப்பட்ட பானை இருக்கும் தெருவில்கூட நடந்ததில்லை.

"பானைய ஒடச்சா இவ திரும்ப செருப்புகிட்ட போவா. ஒடைக்கலேன்னா நான் சாப்பிடணும்" என்றார் மெதுவாக. "இதுல எது கஷ்டம்னு இந்த வயசுல என்னைக் கேக்குறீங்களே."

ரொட்டியைப் பிட்டார். பருப்பில் தோய்த்து வாயில் போட்டு, மருந்து முழுங்குவதுபோல் முழுங்கினார்.

"உப்பு பத்தலம்மா. வந்து உக்காரு."

மிர்த்தாலே உட்கார்ந்தாள், பாம்பிலோஸின் மனைவிக்குப் பக்கத்தில். பாம்பிலோஸும் கடைசியில் சாப்பிட்டார், இரண்டு முறை கேட்டு வாங்கி. பழகின பானை அல்லவா?

இத்தோடு அந்த இனம் எங்கள் ஊரில் அற்றுப்போனது என்றா நினைக்கிறீர்கள்? அடுத்த வாரமே, பொதுக் குளியல் கூடத்தில் அடுப்பு எரிக்கிற பர்லாஹா, கரிபடிந்த முகத்தோடு, ஆற்றுமீன் வறுத்து எடுத்துக்கொண்டு கூச்சத்தோடு உள்வாசல் வரை வந்தான். அவனைத் தாண்டி ஒரு நீலக் கை நீண்டது. இரண்டு விரலால் மூடியைத் தூக்கியது.

"என்னண்ணே, செதில் இல்லாத மீனா? அது விதிக்கு ஆகாதே."

சிரிக்கிறீர்களே. சிரியுங்கள். நீங்களும் ஏதோ ஒரு பந்தியில் எப்போதோ உள்ளே வந்து உட்கார்ந்தவர்தானே. உங்களுக்குப் பின்னால் ஒருவன் வாசலில் பானையோடு நிற்கிறான். உங்கள் கையில் என்ன அது, சுடச்சுட? கொஞ்சம் கீழே வையுங்கள், மூடியைத் தூக்கிப் பார்க்கிறேன். பானை உங்களுடையது மாதிரித் தெரியவில்லை.