குமாரபாளையம் மாநாட்டில் இரண்டு காது போதாமற்போனது

சேலம், 3-9-1958

அன்பிற்குரிய மாப்பிள்ளை சவரியார் அவர்களுக்கு, மாமனார் உபகாரசாமி எழுதுவது. சர்வேசுரன் தயவால் நானும் உங்கள் அத்தையும் சுகம். நீங்களும் மகள் ஜெபமலரும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

மேடையில் மொழிபெயர்ப்பவர் எதைச் சொல்கிறார், எதை விடுகிறார் என்று நீங்கள் செய்யும் ஆராய்ச்சிக்காக, நீங்கள் கேட்டபடியே ஞாயிறன்று குமாரபாளையம் கைத்தறி மாநாட்டுக்குப் போனேன். டில்லி அதிகாரி இங்கிலீஷில் பேச, கந்தவேல் என்ற வாத்தியார் தமிழில் சொன்னார். அதிகாரி பேசியதை நான் எழுதி முடிப்பதற்குள் கந்தவேல் சொல்லி முடித்துவிடுகிறார். கந்தவேலை எழுதினால் அதிகாரி அடுத்ததற்குப் போய்விடுகிறார். சரி, தமிழை நீர் எழுதும் என்று பக்கத்திலிருந்த நூல் வியாபாரி செங்கோடனிடம் பென்சிலைக் கொடுத்தேன். அரைமணி கழித்துப் பார்த்தால் தாள் வெள்ளையாக இருக்கிறது. “பேச்சு நல்லா இருந்துச்சுங்க, எழுத மறந்துட்டேனுங்க” என்கிறார். இதற்குள் கந்தவேல் என் நோட்டைப் பார்த்துவிட்டார். யாரோ இன்ஸ்பெக்டர் என்று நினைத்தாரோ என்னவோ, அதுவரை ‘நூல் கிடைக்கும்’ என்றவர் ‘நூலானது வழங்கப்பெறும்’ என்று ஆரம்பித்தார். நான் பார்க்காதபோது அவர் எப்படிப் பேசுவார் என்பதை நான் எப்படி மாப்பிள்ளை பார்த்து எழுதுவது?

அப்புறம்தான் வினை. நூல் ஒதுக்கீட்டுக்கு வரும் மாதம் ஐந்தாம் தேதிக்குள் மனுக் கொடுக்க வேண்டும் என்று அதிகாரி சொல்ல, கந்தவேல் பதினைந்து என்றார். முப்பது வருஷம் தபால் ஆபீசில் தந்தி கேட்டு எழுதிய காது இது. நீங்களோ, நடப்பதில் தலையிடவே கூடாது என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. முன்னால் இருந்த தெய்வநாயகி என்ற நெசவுக்கார அம்மாள், “பதினஞ்சு வரைக்கும் இருக்குது, பொறவு பாத்துக்கலாம்” என்று பக்கத்தவளிடம் சொன்னாரா, ஆராய்ச்சியாவது ஒண்ணாவது என்று எழுந்து “அஞ்சாந்தேதி! அஞ்சு!” என்று கத்திவிட்டேன். கந்தவேல் மைக்கை விட்டு இறங்கி, “அப்ப நீங்களே சொல்லுங்க” என்று போயே போய்விட்டார். அதிகாரி ஒன்றும் புரியாமல் கைதட்டினார். மீதி ஒரு மணி நேரம் நான்தான் மொழிபெயர்த்தேன். என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள், ஒரு வார்த்தை ஞாபகமில்லை. இறங்கியதும் தெய்வநாயகி, “நீங்க சொன்னதுதானுங்க வெளங்குச்சு” என்றார். என்ன விளங்கியது என்றேன். “அஞ்சாந்தேதிங்க” என்றார். வேறொன்றும் இல்லை.

பிழைகளைக் குறிக்க நீங்கள் அனுப்பிய படிவத்தில் ‘கந்தவேல்: பிழை ஒன்று, மிகப் பெரியது’ என்று எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் ஆராய்ச்சி நல்லபடி முடிந்து பட்டம் கிடைக்க அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு, ஆசிகளுடன்,
உபகாரசாமி

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்புகையில் செங்கோடன் பஸ்ஸேறி வந்தார். அச்சடித்த நோட்டீஸ் வந்துவிட்டதாம், தேதி பதினைந்தேதானாம். ஊரே இரண்டு நாளாகத் தறியை நிறுத்திவிட்டு மனுவும் கையுமாக வெயிலில் நின்றதாம். ஆகையால் படிவத்தில் கந்தவேல் பெயரை அடித்து என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். குமாரபாளையத்துக்கு மட்டும் இனி என்னைப் போகச் சொல்ல வேண்டாம். தெய்வநாயகி என் விலாசம் கேட்டாராம்.