காப்பி சாரும் பொது ஃபைலும்

தி.நகரில் நகல் இல்லாத பொருள் ஏதாவது இருந்தால், அது காப்பி சாரின் கண்ணில் இன்னும் படவில்லை என்று அர்த்தம்.

கடைக்குப் புதிதாக வருபவர்கள் பெயரைக் கேட்டுவிட்டு மரியாதையாக ஃபில்டர் காப்பி வாங்கி வந்து நீட்டுவார்கள். அவர் குடித்தது டீ மட்டும்தான். எதைக் கண்டாலும் ஒரு காப்பி எடுத்து வைப்பார் என்பதால் வந்த பெயர் அது. உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அந்தப் புடவைக் கடையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஆடித் தள்ளுபடிக்கு விளம்பர வாசகம் எழுதுவது என் வேலை. இருவருக்கும் மாடியில் ஒரே அறை.

கடையின் பில் விவரங்களை மூன்று பென் டிரைவில் வைத்திருந்தார். ஒன்று கடையில். கடை தீப்பற்றினால் என்ன செய்வது? ஆகவே இன்னொன்று மயிலாப்பூரில் அவர் வீட்டு பூஜை அலமாரியில். வீட்டில் மழைத்தண்ணீர் புகுந்தால்? மூன்றாவது சட்டைப் பையில். பூஜை அலமாரி டிரைவுக்கு வெள்ளிக்கிழமைகளில் குங்குமமும் உண்டு. கோயில் வாசலில் செருப்பு தொலையும் என்று ஒரே மாதிரி இரண்டு ஜோடி வாங்கி, ஒன்றைப் பையில் போட்டு எடுத்துப் போவார். வாசலில் விட்டது ஒருநாளும் தொலைந்ததில்லை. பையில் இருந்ததுதான் பையோடு தொலைந்தது.

"இன்னா சார், ஒரு சாவிக்கு எத்தினி காப்பி கீது?" என்று வாட்ச்மேன் ஒருமுறை கேட்டார்.

"கேக்காதீங்கோ. சொன்னா பயந்துடுவேள்."

கடை முதலாளிகள் அண்ணன் தம்பி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பாவோடு வந்து வளர்ந்தவர்கள். பெரியவர், சின்னவர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். வியாபாரம் மந்தமான மதியங்களில் இருவரும் மாடியேறி எங்கள் அறைக்கு வந்துவிடுவார்கள். அங்கே காப்பி சார் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில் எமுலேட்டர் போட்டிருந்தார். டிவியில் மாட்டி விளையாடும் பழைய விளையாட்டுப் பெட்டியைப்போல கம்ப்யூட்டரை நடிக்கவைக்கும் மென்பொருள் அது. துறைமுகம் துறைமுகமாகக் கப்பல் ஓட்டி வியாபாரம் செய்யும் ஆட்டம் ஒன்றில் இருவருக்கும் பைத்தியம்.

சேமித்து வைத்த ஆட்டம் ஒன்றே ஒன்று. அதில்தான் சண்டை வந்தது.

"என் கிராம்பு மூட்டையை யாருலே வித்தது?"

"பீரங்கி வாங்கணும்லா அண்ணே. கொள்ளைக்காரன் வந்தா கிராம்பையா தூக்கி எறிவீய?"

இரண்டு நாள் இருவரும் முகம்கொடுத்துப் பேசவில்லை. காப்பி சார்தான் தீர்ப்புச் சொன்னார். சேமிப்பு ஃபைலை மூன்றாகப் பிரித்தார். 'பெரியவர்', 'சின்னவர்', 'பொது'. அவரவர் ஃபைலில் கிராம்பு விற்கலாம், கப்பலையே மூழ்கடிக்கலாம். பொது ஃபைலை மட்டும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் திறப்பேன் என்றார். அதற்கொரு கடவுச்சொல்லும் போட்டார். சொந்தக் கப்பல்கள் துறைமுகத்தில் துருப்பிடிக்க, பொதுக் கப்பல் கடல் கடலாகப் போனது.

பிறகு அவர்களுடைய அப்பா காலமானார். அடையாறில் இன்னொரு கடை திறக்க வேண்டும் என்றார் பெரியவர். அப்பா வைத்த கடையே போதும் என்றார் சின்னவர். வார்த்தை தடித்து, ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு "அவர்ட்ட சொல்லுங்க" என்று எங்கள் வழியாகப் பேசும் நிலைக்கு வந்து, கடைசியில் பாகம் பிரிந்தார்கள். புடவைகள் பிரிந்தன. புடவை கட்டி நிறுத்திய பொம்மைகளும் பிரிந்தன. நான் பெரியவர் பங்குக்குப் போனேன், காப்பி சார் சின்னவர் பங்குக்கு. அப்பாவின் படம் யாருக்கு என்ற பேச்சு வந்தபோது, காப்பி சார் பையிலிருந்து அச்சு அசலாக இன்னொரு படத்தை எடுத்து வைத்தார். யாரும் சிரிக்கவில்லை.

கிளம்புகிற அன்று பெரியவர் மாடிக்கு வந்தார்.

"சார், அந்தப் பொது ஃபைலை எனக்கு ஒரு காப்பி போட்டுத் தாங்க."

"மாட்டேன்."

அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை. பெரியவரும் கேட்டதில்லை. சத்தம் கேட்டு வந்த சின்னவர், "அப்ப எனக்குத் தாங்க. சம்பளம் தாறவன் நான்லா?" என்றார்.

"உங்க உங்க ஃபைலைத் தரேன், எடுத்துண்டு போங்கோ. பொதுவுக்குக் காப்பி எடுத்தா ஆளுக்கு ஒண்ணு ஆயிடும். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் ஒரு இடத்துல உக்கார வேண்டிய அவசியமே இல்லையே."

அவரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அண்ணனும் தம்பியும் அந்த மாதம் ஒருமனதாக எடுத்த ஒரே முடிவு அதுதான்.

கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவருக்கு வேறு யார் வேலை தருவார்கள்? "கேட்டதைக் குடுத்துட்டு வேலையைப் பாருங்கோளேன், பொம்மைக் கப்பல்தானே" என்று அவர் வீட்டு மாமி அழுதாராம். காப்பி சார் மாடவீதிப் பக்கம் ஒரு ஆடிட்டரிடம் அரைச் சம்பளத்துக்குப் போனார்.

முதலில் சின்னவர்தான் வந்தார். பில்லிங் மென்பொருளில் சந்தேகம் என்று சொல்லிக்கொண்டு மயிலாப்பூர் வீட்டுக்கு வந்தவர், டீ குடித்துவிட்டு, "அவரு வந்தாரா?" என்று கேட்டார். அடுத்த வாரம் பெரியவர் வந்தார். அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சும்மா வந்தார். பொது ஃபைலைக் கடைசியாகத் திறந்த தேதியை மட்டும் எட்டிப் பார்த்தார். இப்படியே தனித்தனியாக வந்து தேதி பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு ஞாயிறு காலை நானும் அங்கே இருந்தேன். சின்னவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பெரியவர், தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கத் தட்டோடு படியேறி வந்தார். தம்பியைப் பார்த்ததும் வாசலிலேயே திரும்பினார்.

"சித்த உக்காருங்கோ," என்றார் காப்பி சார், பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டபடி. "புயல் நடுவுல நிறுத்திட்டுப் போயிருக்கேள் ரெண்டு பேரும். கப்பல் அப்படியே நிக்கறது."

பொது ஃபைலைத் திறந்தார். திரையில் அலை எழுந்தது.

"பாயை இறக்குலே," என்றார் பெரியவர், நின்றபடியே.

"இறக்கிட்டேண்ணே. வலப்பக்கம் பாறை இருக்கு, பாருங்க."

பெரியவர் உட்கார்ந்தார். புயல் ஓய்ந்த பிறகு மடியிலிருந்த தட்டைத் தம்பி பக்கம் நகர்த்தினார். "சித்தப்பன் பேரைப் போட்டுத்தான் அடிச்சிருக்கேன்," என்றார். சின்னவர் பத்திரிகையைப் பிரித்தார். படிக்கவில்லை, பிடித்துக்கொண்டே இருந்தார். காப்பி சார் டீ போடுகிறேன் என்று உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை.

கடைகள் ஒன்று சேரவில்லை. இன்றும் இரண்டுதான். ஆனால் கல்யாணப் பந்தியில் தம்பிதான் முன்னால் நின்றார். காப்பி சாரை இருவருமே திரும்பக் கூப்பிட்டார்கள். இப்போது ஒருநாள் அடையாறு, ஒருநாள் தி.நகர்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். ஃபைல் வரிசையில் என் பெயரும் இருந்தது.

"எனக்கு இந்த ஆட்டமே தெரியாதே சார்."

"தெரிஞ்சுக்கலாம். எடம் போட்டு வெச்சுட்டேன். எப்ப வேணா வாங்கோ."

எனக்குக் கப்பலிலும் பிடித்தமில்லை, கிராம்பு வியாபாரத்திலும் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வேறெங்கும் போகத் தோன்றுவதில்லை.