டிராயர் திறந்த விதம்

எழுபத்தொன்பதாம் வருஷத்து மழைக்காலத்தில், டில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில், செக்‌ஷன் ஆபீசர் கல்யாணராமனின் மர மேஜை டிராயர் ஈரத்தில் உப்பி இறுகிக்கொண்டது. இது இயற்கை. அதற்குள் குமாஸ்தா மாசிலாமணியின் லீவு மனு இருந்தது. இது தலையெழுத்து.

திருக்கோவிலூரில் மாசிலாமணியின் அக்கா மகள் செல்விக்குக் கல்யாணம். தாய்மாமன் போய் மாலை போட வேண்டும். பத்து நாள்தான் பாக்கி. வேறு மனு எழுதித் தருவதாகக் கெஞ்சிப் பார்த்தார்.

“ஒரு லீவுக்கு ரெண்டு மனுவா? முதல் மனு பரிசீலனையில இருக்கே ஓய்!” என்றார் கல்யாணராமன். டிராயரைத் திறந்து தரும்படி மராமத்துப் பிரிவுக்கு மூன்று பிரதிகளில் கடிதம் போயிற்று.

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் மாசிலாமணியின் மனைவி இந்திராணி இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். பழைய புடவையைக் கால்மிதியாகவும், காலி ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பூச்சாடியாகவும் மாற்றிவிடுகிற கை அவளுடையது.

“நம்ம அலமாரி இறுகிக்கிட்டா நான் யாருக்குங்க லெட்டர் போடறேன்? மெழுகுவர்த்தியத் தேச்சா வழுக்கிக்கிட்டு வருது” என்றவள், கரண்ட் போனபோது எரித்து மிஞ்சிய துண்டு ஒன்றை அவர் டிபன் டப்பாவோடு வைத்து அனுப்பினாள்.

மறுநாள் மாசிலாமணி முதல் ஆளாக வந்தார். கீழ் டிராயரை உருவிவிட்டு, கையை உள்ளே விட்டு, மேல் டிராயர் ஓடும் சட்டத்தில் மெழுகைத் தேய்த்தார். இழுத்தார். வந்துவிட்டது. மனுவை எடுத்துக்கொண்டு ஆபீசர் வரும்வரை வாசலிலேயே நின்றார்.

கல்யாணராமன் முகம் கறுத்தது. “எதை வெச்சு திறந்தீர்?”

“மெழுகுவர்த்தி, சார்.”

“அதைக் கேக்கலை. எந்த உத்தரவை வெச்சு? டிராயர் திறக்கலேன்னு எழுத்து மூலமா கொடுத்திருக்கோம். அவா வந்து திறக்கற வரைக்கும் அது மூடித்தான் இருக்கு. மூடின டிராயர்ல இருக்கற மனு உம்ம கையில எப்படி இருக்கும்?”

மாசிலாமணிக்கு இருபது வருஷ சர்வீஸ். அந்த வாதத்தில் அவருக்கு ஒரு ஓட்டையும் தென்படவில்லை. மனுவை உள்ளே வைத்தார். மெழுகைச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, டிராயரை அறைந்து மூடிப் பூர்வ நிலைக்குக் கொண்டுவந்தார்.

கல்யாணத்தன்று செல்விக்கு யாரோ ஒன்றுவிட்ட மாமன் மாலை போட்டார். மாசிலாமணி தன் நாற்காலியில்தான் இருந்தார். மனசு வலித்ததில் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து மராமத்துப் பிரிவின் தச்சர் வந்தார். “தோ மினிட், பாபுஜி” என்று கீழ் டிராயரை உருவினார். சட்டைப்பையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்தார். டிராயர் திறந்தது.

“அச்சா! நிபுணர்னா நிபுணர்தான்!” என்று பூரித்துப்போன கல்யாணராமன், கேட்ட எட்டு நாள் லீவையும் கேட்ட தேதிகளுக்கே அந்த நிமிஷமே வழங்கினார்.

அதில்தான் சிக்கல். அந்த எட்டு நாளும் வருகைப் பதிவேட்டில் மாசிலாமணியின் கையெழுத்து இருந்தது. லீவில் இருக்க வேண்டியவர் முன் அனுமதியின்றி ஆபீசுக்கு வந்து வேலை பார்த்தது ஏன் என்று விளக்கம் கேட்டு மெமோ கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த செக்‌ஷனில் பிழையில்லாமல் மெமோ எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான். மாசிலாமணி எழுதிக்கொண்டுவந்து நீட்டினார்.

கல்யாணராமன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “‘வேண்டுமென்றே’ன்னு ஒரு வார்த்தை சேர்த்தா நன்னா இருக்குமே ஓய்?”

“சேர்த்துட்டேன் சார். ரெண்டாவது வரியில இருக்கு.”