சந்தேகம் பாயும் பின்சீட்டு வாசனையும்

உலகத்தில் ஒரு பொருளையும் மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு முடித்த மனிதர் ஒருவர் உண்டென்றால், அது மயிலாப்பூர் சந்தேகம் பாய்தான். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஒரு நாள் கேட்டேன். "எதுக்குக் கேக்குற?" என்றார். அதோடு சரி.

கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய மெக்கானிக் கடை. டீ வந்தால் முதல் வாயை டீக்கடைக்காரரையே குடிக்கச் சொல்வார். ரேடியோவில் வெயில் என்று சொன்னால் குடையை எடுத்துக்கொள்வார். ஸ்பேனர் ஒவ்வொன்றையும் சுற்றிப் பலகையில் சாக்பீஸ் கோடு போட்டிருப்பார். யாராவது அந்தக் கோட்டை அழித்து மாற்றிப் போட்டுவிட்டால் தெரியவேண்டும் என்று அதற்கு வெளியே இன்னொரு கோடு.

பிள்ளைகளே, தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒரு பழைய ஆம்னி வேன் ஓட்டினேன். மந்தைவெளியிலிருந்து கோபாலபுரத்துப் பள்ளிக்கு எட்டுப் பிள்ளைகள். பெட்ரோல் கட்டுப்படியாகாது என்று, அடுப்படியில் நிற்கவேண்டிய சிவப்பு சிலிண்டரை வண்டியின் பின்னால் படுக்கவைத்து கேஸில் ஓட்டிய கூட்டத்தில் நானும் ஒருவன். அது ஆபத்து, சட்டப்படியும் தப்பு. தெரிந்தேதான் செய்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, பின்சீட்டில் உட்காரும் மூன்றாம் வகுப்பு நித்யா, "அங்கிள், வண்டில என்னமோ நாறுது" என்றாள். நான் அவள் சாப்பாட்டுப் பையைச் சந்தேகப்பட்டேன்.

"இன்னிக்கு முட்டையா?"

"எங்க வீட்ல முட்டையே கிடையாது, அங்கிள்."

பக்கத்துப் பையனின் சாக்ஸைச் சந்தேகப்பட்டேன். அவன் அழுதுவிட்டான். எல்லோரையும் இறக்கிவிட்டு மோந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. சாயங்காலமும் அவள் அதையே சொன்னாள். திங்கட்கிழமை என் வண்டி போகாவிட்டால் பெற்றோர் வேறு வேன் பார்த்துவிடுவார்கள். அதனால் சனிக்கிழமை கடை திறக்கும்போதே பாய்முன் போய் நின்றேன்.

பாய் வண்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நாறுதுன்னு யாரு சொன்னது?"

"ஒரு சின்னப் பொண்ணு பாய். அது சும்மா சொல்லிக்கினு கீது."

"சும்மா சொல்றதுக்கு அதுக்கு இன்னா வந்துச்சு? நீதான் சும்மா சொல்ற."

சாவியைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சோப்பைக் கரைத்து நுரை எடுத்து, சிலிண்டர் வாயிலிருந்து இன்ஜின் வரை குழாய் நெடுகப் பிரஷ்ஷால் பூசினார். கேஸ் கசிந்தால் அந்த இடத்தில் நுரை கொப்புளம் விடும். ஒரு கொப்புளமும் வரவில்லை. மூக்கை வைத்துப் பார்த்தார். தன் மூக்கின் மேல் நம்பிக்கை இல்லாமல் டீக்கடைக்காரரின் மூக்கை வரவழைத்தார். அந்த மூக்குக்குச் சளி பிடித்திருக்குமோ என்று, முதலில் ஏலக்காயைக் கொடுத்துப் பரீட்சை வைத்தார்.

மத்தியானம் ஆனது. எனக்குப் பாய்மேல் சந்தேகம் வந்தது. அவர் வீட்டுச் சிலிண்டர் தீருவதே இல்லை என்று சந்தில் ஒரு பேச்சு உண்டு. என் கேஸை உருவப் பார்க்கிறாரோ என்று சிலிண்டர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். நான் எதையோ மறைக்கிறேன் என்று அவரும் எனக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஒருவரை ஒருவர் முறைத்தபடி ஒரு மணி நேரம் போயிற்று.

"பாய், ஒண்ணுந்தான் இல்லியே. சாவியக் குடு."

"அந்தப் பொண்ணு சொன்னப்ப வண்டில எத்தினி பேரு?"

"எட்டுப் பசங்களும் இருந்தாங்கோ."

"இப்ப எத்தினி பேரு?"

"யாருமில்ல."

பாய் எழுந்தார். எட்டுப் பிள்ளைகளின் எடைக்கு நாலு பெரியவர்கள் என்று கணக்குப் போட்டு, டீக்கடைக்காரரையும் தபால்காரரையும் பூக்காரம்மாவையும் அவர் புருஷனையும் பிடித்தார். ஏறுவதற்கு முன் தீப்பெட்டிகளைப் பிடுங்கினார்.

"நான் இன்னா பீடி குடிக்கிறவளா?" என்றார் பூக்காரம்மா.

"யாரு கண்டா?" என்றார் பாய்.

நாலு பேரும் பின்பக்கம் நெருக்கி உட்கார்ந்தார்கள். பாய் தலையை சீட்டுக்கு அடியில் விட்டு, மறுபடி நுரை பூசினார். "வா, பாரு" என்றார். குனிந்து பார்த்தேன். சீட்டின் இரும்புக் கால் குழாயை அழுத்தும் இடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு கொப்புளம் எழுந்து உடைந்தது. உடனே இன்னொன்று. ஆள் உட்கார்ந்தால் குழாயின் வெடிப்பு திறக்கிறது, இறங்கினால் மூடிக்கொள்கிறது. நேர் மேலே நித்யாவின் இடம்.

பாய் வால்வை மூடி, ஆட்களை இறக்கி, சிலிண்டரையும் குழாயையும் கழற்றிக் கீழே வைத்தார்.

"இனிமே பெட்ரோலு."

"கட்டாது பாய்."

"கட்டலன்னா பசங்கள ஏத்தாத. நீ ஒத்த ஆளா சிலிண்டர் மேல குந்திக்கினு போ."

ஊரில் எவர் சொன்னதையும் நம்பாத அந்த மனிதர், முகம்கூடப் பார்த்திராத ஒரு சின்னப் பெண் சொன்னதை மட்டும் அப்படியே நம்பியிருந்தார். இது எனக்கு அன்று ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

திங்கட்கிழமை ஏழரை மணிக்கு மந்தைவெளியில் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். பின்கதவைத் திறந்து சிலிண்டர் இருந்த இடத்தைப் பார்த்தார். காலி. சீட்டுக்கு அடியில் பார்த்தார். காலி.

"நாறுதாம்மா?"

"இல்ல, அங்கிள்" என்றாள் நித்யா.

"பாத்துட்ட இல்ல பாய், கெளம்பட்டா?" என்றேன்.

"போற வழில நீ சிலிண்டர ஏத்திக்க மாட்டன்னு இன்னா நிச்சயம்?"

வண்டி நகர்ந்ததும் பின்னாலேயே மிதித்து வந்தார். கண்ணாடியில் பார்த்தேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, என் வண்டியின் பின்கதவைவிட்டுக் கண்ணை எடுக்காமல் வந்துகொண்டிருந்தார். கோபாலபுரம் போய்ச் சேரும் வரை நான் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை.