லவீனியா அம்மாவுக்கு முழுப்பக்கம்

அன்புள்ள சச்சி அண்ணைக்கு,

சந்நிதி முருகன்ரை கிருபையாலே ஸ்காபரோவிலே நான் நல்ல சுகம். அஜக்ஸிலே நீங்கள் சுகமில்லை எண்டது நேற்றுப் போனிலே கத்தின கத்தலிலேயே விளங்கிச்சுது. மரண அறிவித்தல் பிழையெண்டு அதே பேப்பரிலே மறுப்புப் போடச் சொன்னீங்கள். போடமாட்டன். ஏனெண்டு கேளாமலே போனை வைச்சிட்டீங்கள், அதாலே எழுதுறன்.

லைப்ரரி இங்கிலிஷ் வகுப்பிலே ஏஞ்சலா ரீச்சர் ஒரு சின்னப் புத்தகம் தந்தவ. நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி அமெரிக்காவிலே இருந்த லவீனியா எண்ட மனுசி எழுதின நாவல். புருசன் பாதிரியார், நோய் வருத்தக்காரன், வேளைக்கே செத்துப் போயிட்டார். நாலு பிள்ளையள். பாண் மாவைப் பிசைஞ்சு அடுப்பிலே வைச்சிட்டு அது வேகிற நேரத்துக்குள்ளே எழுதி எழுதி இருபத்திரண்டு நாவல். பொம்பிளைக்கு என்ன எழுத்து எண்டு ஊர் ஆம்பிளையள் கூட்டம் போட்டுப் பேச, அவ அந்தக் கூட்டத்தையே அடுத்த நாவலிலே ஒரு அத்தியாயமாய் எழுதிப்போட்டா. அதை பஸ்ஸிலே வாசிச்சுச் சிரிச்சு, இறங்கிற இடத்தையும் விட்டிட்டன். அப்படிப்பட்டவ செத்தபோது பேப்பரிலே ஒரே வரி: இன்ன பாதிரியாரின் விதவை காலமானார். புத்தகமும் இல்லை, பேரும் இல்லை. எங்கடை ஆக்களிலே ஆயுள் முழுக்கக் காட்ஸ் விளையாடினவருக்கும் கலர்ப்படத்தோடை முழுப்பக்கம் போடுறம். எனக்கு மனம் கேக்கேல்லை. "அமெரிக்காவைப் பிறப்பிடமாகவும் தன் எழுத்தை வதிவிடமாகவும் கொண்ட திருமதி லவீனியா" எண்டு எழுதிக் குடுத்தன். உறவுக்காரர் இல்லாமல் அறிவித்தல் போடேலாது எண்டு பேப்பர்க்காரன் சொல்ல, பெறாமகள் எண்டு என்னையும் பெறாமகன் எண்டு உங்களையும் போட்டன். செத்த வருசம் போடேல்லை. எங்களுக்குத் திதிதானே முக்கியம். என்ரை போனிலே சார்ஜ் நிக்கிறேல்லை எண்டபடியாலே உங்கடை நம்பர்.

பிறகு நடந்ததுக்கு நானோ பொறுப்பு? சனம் புட்டும் சம்பலுமாய் உங்கடை வீட்டுக்கு வந்ததும், நவரட்ணம் அங்கிள் ஒஷாவாவிலே இருந்து வந்து, லவீனியாவைச் சின்னனிலே தெரியும், தங்கமான மனுசி எண்டு அழுததும் என்ரை வேலையில்லை. செத்தவீட்டுத் துடக்கு, தீட்டு எண்டு உங்கடை மகன் கஜீவன்ரை பெண் வீட்டார் தாலிக்குப் பொன்னுருக்கிறதை நிப்பாட்டினதுதான் எனக்கும் கவலை. அவன் எனக்கும் பிள்ளைதான். ஆனால் நீங்கள் ஒண்டு கேட்டீங்கள், "உவள் ஆர், எங்கடை சாதிசனமோ?" எண்டு. அதுதான் சுட்டது. நூற்றைம்பது வருசமாய் அவவுக்கு ஒருத்தரும் துடக்குக் காக்கேல்லை. நான் காக்கிறன். மச்சம் மாமிசம் விட்டாச்சு, கோயிலுக்கு வெளியிலே நிண்டுதான் கும்பிடுறன், முப்பத்தொண்டாம் நாளுக்குப் படையலும் வைப்பன். செத்தவ செத்தவதான், இண்டைக்குச் செத்தால் என்ன, எப்பவோ செத்தால் என்ன. மறுப்பு மட்டும் என்ரை கையாலே வராது.

அண்ணிக்கு அன்பு. கஜீவனுக்கு முருகன் ஒரு குறையும் விடான்.

இப்படிக்கு,
எழுதினதிலே ஒரு சொல்லும் வெட்டாத தங்கச்சி
சந்திரவதனா

பி.கு.: கடிதம் மேசையிலே கிடந்த மூண்டு நாளுக்குள்ளே கஜீவன் வந்தவன். சப்பாத்தும் கழட்டாமல் வாசலிலே நிண்டான். அந்த முகத்தைப் பார்க்கேலாமல் போய் மறுப்புக் குடுத்திட்டன். "திருமதி லவீனியா காலமானதாக வந்த செய்தி தவறு" எண்டு பெரிய எழுத்திலே போட்டிருக்கினம். துடக்கு இல்லை, ஞாயிறு பொன்னுருக்கலாம். பெண்ணின்ரை தாய் சந்தோசத்திலே எனக்குப் போன் எடுத்து, சாவிலே இருந்து தப்பின அந்தப் பெரியவதான் முதலிலே ஆசீர்வதிக்க வேணும் எண்டு கேட்டா. ஓம் எண்டிட்டன். முன்வரிசையிலே ஒரு கதிரை விடுங்கோ அண்ணை, அவவின்ரை புத்தகத்தைக் கொண்டு வாறன்.